அக்கா குரலும் மாமா பொட்டியும்

ரெக்கார்டுல வர்ற பாட்டு நல்லாருக்கா இல்லயான்னு எப்படிச் சொல்றது? நேர்ல பாடறத வெச்சுத்தான் சொல்லணும்னு எங்க மாமா சொல்லுவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நேர்ல பாடறவ கட்டின பொண்டாட்டியா இருந்தா அவ கதி என்னான்னு என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்.

மாமான்னா என் அக்கா வூட்டுக்காரரு. தட்டாஞ்சாவடியில ஸ்பீக்கர் பொட்டி செய்யற பட்டறை வெச்சிருந்தாரு. கல்யாண மண்டபத்துல காதக் கிழிக்குமே, அது இல்ல. வூட்டு ஹால்ல வெச்சுக்கிட்டு, கண்ண மூடி, பெரிய மனுஷனாட்டம் தலையாட்டிக் கேப்பாங்களே, அந்தப் பொட்டி. பலகை அறுக்கறதுலேர்ந்து ஒயர் பத்த வெக்கிற வரைக்கும் அவரே செய்வாரு. வேலை சுத்தம், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். வாய்தான் சாக்கடை.

அக்கா சின்னதுலேர்ந்து நெல்லித்தோப்புல எங்க மாதா கோயில் பாடல் குழுவுல பாடுறவ. பெரிய வெள்ளி அன்னிக்கு மாதா புலம்பல் அவதான் பாடுவா. அன்னிக்குக் கோயில்ல வாத்தியம் கூடாது. ஆர்மோனியம் மூடியிருக்கும், மணி கூட அடிக்க மாட்டாங்க, அதுக்குப் பதிலா மரக்கட்டையத் தட்டுவாங்க. வெறும் குரல்தான். செத்த மகன மடியில போட்டுக்கிட்டு ஒருத்தி அழுவுற பாட்டு. அக்கா பாடினா ஆம்பளைங்க கூட கைக்குட்டையத் தேடுவாங்க. வருஷம் பூரா துணி தொவைச்சு, காய் நறுக்கி, புருஷன்கிட்ட பேச்சு வாங்கி அவ காலத்த ஓட்டுனதே அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான்.

கல்யாணமான புதுசுல மாமா அந்தப் புலம்பல ஆளில்லாத கோயில்ல வெச்சு ரெக்கார்டு பண்ணாரு. அதுக்கப்புறம் எந்தப் புதுப் பொட்டி செஞ்சாலும் பரீட்சை அக்காவ வெச்சுத்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, பொட்டி வாங்க வர்றவங்க ஹால்ல ஒக்காருவாங்க. ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரு திரை. பொட்டியும் திரைக்குப் பின்னாடி, அக்காவும் பின்னாடி. ஒரு தரம் பொட்டி பாடும், ஒரு தரம் அக்கா பாடுவா. எது மனுஷி, எது பொட்டின்னு வந்தவங்க சொல்லணும். அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டிருக்கும், இவ கரண்டியக் கையில வெச்சுக்கிட்டே பாடுவா. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. மாமா தொடையத் தட்டிச் சிரிப்பாரு. அக்காவும் திரைய விலக்கி எட்டிப் பாத்துச் சிரிப்பா. அந்தச் சிரிப்ப நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

அப்புறம் அக்காவுக்குத் தைராய்டுல கட்டி. ஆபரேஷன்ல உசுரு பொழச்சுது, குரல் போச்சு. மாசக்கணக்குல வெந்நி குடிச்சு, வூட்ல யாரும் இல்லாத நேரமா பாத்து முணுமுணுத்துப் பழகி, கொஞ்சம் கொஞ்சமா மீட்டா. வந்தது பழைய குரல் இல்ல. கனமா, ஓரத்துல கிழிஞ்சாப்பல வந்துச்சு. என்னைக் கேட்டா அந்தப் புலம்பலுக்கு அதுதான் சரி. மகனப் பறிகொடுத்தவ தேனாட்டமா பாடுவா? மாமாகிட்டயே சொன்னேன். "உனக்கு என்னா தெரியும், கம்முனு கெட"ன்னாரு.

பெரிய வெள்ளிக்கு முன்னாடி, அந்தத் தவக்காலத்துல ஒரு சொல்தா வந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவங்கள எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். ஒரு ஜோடிப் பொட்டி வேணும்னு கூட நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. நானும் அங்கதான் இருந்தேன்.

"திரைக்குப் பின்னாடி போய் நில்லு"ன்னாரு மாமா.

"வேணாங்க. இன்னும் சரியாவல."

"பொட்டிக்கு அளவு பாக்க வேணாமா? போடி."

மொதல்ல பொட்டி பாடுச்சு. அப்புறம் அக்கா பாடினா. சொல்தா யோசிக்கவே இல்ல. "ரெண்டாவதுதான் ரெக்கார்டு. தேஞ்சு போயிருக்கு"ன்னாரு.

மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ரெண்டாவது என் பொண்டாட்டி சார்! இனிமே பொட்டிதான் ஒரிஜினல், இவ டூப்ளிகேட்டு!" எல்லாரும் சிரிச்சாங்க. அட பாவிங்களா!

எனக்கு ஆத்திரம் தாங்கல. "நேர்ல பாடறதுதான் அளவுன்னு சொன்னீங்களே மாமா. இப்ப அளவு மாறிடுச்சு. பொட்டிய மாத்துங்க"ன்னேன்.

"அளவுகோல் வளைஞ்சு போனா அதத் தூக்கித்தான் போடணும்"னாரு. திரைக்கு அந்தாண்ட அவ நிக்கிறான்னு தெரிஞ்சுதான் சொன்னாரு. அக்கா வெளிய வரல. சோறு அடிப்பிடிச்ச நாத்தம் மட்டும் வந்துச்சு.

அதோட வுட்டாரா? நேரா கோயில் சாமியார்கிட்ட போனாரு. இந்தப் பெரிய வெள்ளிக்கு என் பொட்டியில பழைய புலம்பலப் போடறேன்னாரு. அன்னிக்கு வாத்தியம் கூடாதேன்னு பாடல் குழுவுல இழுத்தாங்க. "வாத்தியந்தான கூடாது? இது கொரல்தான? அவ கொரல்தான?"ன்னு மடக்கினாரு. சாமியாரும் தாடையத் தடவிக்கிட்டு, கொரல்தானேன்னு தலையாட்டிட்டாரு. அத்தினி பேருல ஒருத்தருக்கும், தொண்டை இருக்கிற பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல.

கோயில் சுரூபங்களுக்கு, அதான் சிலைங்களுக்கு, போத்தற மாதிரியே பொட்டிங்களுக்கும் ஊதாத் துணி போத்தி பீடத்துக்கு ரெண்டு பக்கமும் வெச்சாங்க. அக்கா என் பக்கத்துல, கழுத்துத் தழும்பு தெரியாம முக்காடு இழுத்து வுட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தா. பொட்டி பாடுச்சு. கோயிலே தேம்புச்சு. முன் பெஞ்சுல இருந்த ஒரு வயசான அம்மா திரும்பி, மூக்கச் சிந்திக்கிட்டே அக்காகிட்ட, "யாரும்மா பாடறது? இத்தினி வருஷம் நீ பாடினத விட நல்லாருக்கே"ன்னாங்க.

"தெரியலீங்க"ன்னா அக்கா.

அன்னிலேர்ந்து மாமாகிட்ட அவ பேச்ச நிறுத்திட்டா. எல்லார்கிட்டயும் பேசுவா, அவருகிட்ட மட்டும் ஒரு சொல்லு கெடையாது. அவரும் கண்டுக்கல. போட்டுக் கேக்கத்தான் பொட்டி இருக்கே.

கடவுள் இருக்காருங்க. மறு வருஷம் பட்டறையில ஏணி சறுக்கி மாமாவுக்கு இடுப்பு எலும்பு ஒடைஞ்சுது. ஹால்ல, அந்த ரெண்டு பொட்டிக்கும் நடுவுல கட்டில் போட்டுப் படுக்க வெச்சோம். அக்கா கஞ்சி ஊட்டுவா, ஒடம்பு தொடைப்பா, மலஜலம் எடுப்பா. வாயத் தெறக்க மாட்டா. பட்டறை சத்தத்துலயே வாழ்ந்த மனுஷன், நாள் பூரா ஃபேன் சுத்தறதக் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு. "ஏதாச்சும் பேசேன்டி. திட்டவாச்சும் திட்டு"ன்னு கெஞ்சுவாரு. அவ தலவாணியச் சரி பண்ணிட்டுப் போயிடுவா. எனக்குப் பாவமாவே இல்ல. சாமியார்கிட்ட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கூட இத நான் சொன்னதில்ல.

போன பெரிய வெள்ளி சாயங்காலம் அக்காவக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன். பொட்டியக் கொண்டு போய் மாட்ட ஆளில்லாததால, இந்தத் தடவ நீயே பாடும்மான்னு சாமியார் சொல்லியனுப்பியிருந்தாரு. அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு ரெடியா நின்னா.

மாமா அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டாரு. "என்னாலதான் கோயிலுக்கு வர முடியல. எனக்கு மட்டும் ஒரு வாட்டி இங்கயே பாடிட்டுப் போயேன்."

அக்கா முந்தானைய வுடுவிச்சுக்கிட்டு, போய் பொட்டியப் போட்டா. பழைய குரல் ஹால் பூரா நெறைஞ்சுது.

"அது வேணாண்டி!" கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. "அது கேட்டுக் கேட்டுச் செத்துப் போச்சு. நீ பாடு. இப்ப இருக்கற கொரல்லயே பாடு."

அக்கா சத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்தினா. முடிஞ்சா மறுபடியும் மொதல்லேர்ந்து வர்ற மாதிரி வெச்சா. கதவச் சாத்திட்டு வெளிய வந்தா.

தெரு முனை வரைக்கும் புலம்பல் கேட்டுது. உள்ள அவரு கத்தியிருப்பாரு, எங்களுக்குக் கேக்கல. அவ்ளோ நல்ல பொட்டி.

என்னையும் அறியாம கால் நின்னுடுச்சு. "போய் நிறுத்திட்டு வரட்டுமாக்கா?"ன்னேன்.

"வேணாம், பாடட்டும்டி"ன்னா. "அவளுக்கென்ன, தொண்டையா வலிக்கப் போவுது?"