கைதட்டு வாங்கிய கைகள்

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், நடுவராக அல்ல. நடுவர்களை மேடைகளில் நிறையப் பார்த்துவிட்டேன். மணியடித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுவார்கள். சாட்சி அப்படிப் போக முடியாது. பார்த்ததைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

செஞ்சியில், ராஜகிரி மலையின் வெக்கை பொழுது சாய்ந்த பிறகும் தணியாத ஒரு தெருவில் எங்கள் வீடு. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா நிறைமாதம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு என்று நர்ஸம்மா சொல்லி அனுப்ப, பள்ளி விடுமுறையாதலால் நானும் உடன் போனேன். ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் பொம்மையை வைத்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை அவர் செய்துகாட்டினார். முழங்கையை நனைத்துத் தண்ணீரின் சூடு பார்க்க வேண்டும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. வாய் வைத்து ஊதவே கூடாது.

"யாராச்சும் வந்து செஞ்சு காட்டுங்க" என்றதும் மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். அம்மா எழுந்தாள். "கழுத்து பத்திரம்டா கண்ணு" என்று பொம்மையிடம் கொஞ்சியபடி, எதை எதற்காகச் செய்கிறோம் என்று சபைக்கும் விளக்கியபடி குளிப்பாட்டினாள். வீட்டில் இரண்டு சொல்லுக்குமேல் பேசி நான் கேட்டிராத அம்மா! எல்லோரும் கைதட்டினார்கள். ரோஸ் நிற சோப்பு டப்பா ஒன்று பரிசாகக் கிடைத்தது. நான் கேட்ட முதல் மேடைப்பேச்சு அதுதான்.

தங்கை பிறந்தாள். தொப்புள்கொடி விழுந்ததும் முதல் தலைக்குளியல். குளிப்பாட்டும் உரிமை நைனாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு. அத்தை கொடியவள் அல்லள். எங்கள் தெருவின் பாதி மூக்குகள் அவள் பிடித்து நிமிர்த்தியவை. அந்தப் பெருமை அவளுக்கு நிறைய உண்டு. தோட்டத்துப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, தங்கையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"அண்ணி, மூக்குல வுட வேணாம். நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள் அம்மா.

"அந்த நர்ஸம்மா எத்தினி புள்ள பெத்துச்சாம்? உன் ஊட்டுக்காரன் மூக்குல ஊதுனதே நான்தான். இன்னா, செத்தா பூட்டான்?"

"அத்த, தண்ணில முழங்கைய வெச்சுப் பாரு" என்றேன் நான்.

"தோ, பெரிய டாக்டரு வந்துட்டாரு! பீஸு எவ்ளோ சார்?"

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை; குழந்தையை வாங்கக் கைகளை நீட்டினாள். நைனாவின் சிரிப்பு நின்றது.

"அக்காவுக்குத் தெரியாததா? நீ பேசாம இரு."

கைதட்டு வாங்கிய கைகள் கீழே இறங்கின. அத்தை எண்ணெயை விட்டு, ஊதினாள். தங்கை ஒருமுறை இருமி, அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். உதடு நாவற்பழ நிறமாயிற்று. குப்புறப் பிடித்து முதுகைத் தட்டியதும் மூச்சு வந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. விலா உள்வாங்க உள்வாங்க இழுப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆக்சிஜன் வைத்துவிட்டு, யாரைப் பார்த்துச் சீறினார் தெரியுமா?

"ஏம்மா, கிளாஸுக்குப் போனியா இல்லியா?"

"போனேன் சார்."

"மூக்குல எண்ணெ வுடக் கூடாதுன்னு சொல்லல?"

"சொன்னாங்க சார்."

"சொல்லியும் இப்பிடிப் பண்ணிட்டு வந்து நிக்கிற. நீயெல்லாம் ஒரு தாயா?"

நைனா மின்விசிறியைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த துண்டை முறுக்கினாள். அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

எனக்கு ஆத்திரம் அம்மாமேல்தான் வந்தது. அங்கன்வாடியில் அத்தனை அழகாகப் பேசியவள் இங்கே ஏன் உண்மையைச் சொல்லவில்லை? படித்ததை மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் எதையும் மறக்கவில்லை. தங்கை பிழைத்தால் அதே வீட்டுக்கு, அதே நைனாவோடு திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தாள். சாட்சிகளே, கேட்கிறேன்: குழந்தையைத் தொட உரிமையில்லாதவளுக்கு மட்டும் பாடம் எதற்கு? ஊதும் வாய்க்கு அந்த வகுப்பில் ஏன் அழைப்பில்லை? அடக்கும் வாய்க்கு ஏன் ஒரு நாற்காலி போடவில்லை? வகுப்பு நடத்தியவர்களே, தண்ணீரின் சூட்டைச் சொல்லிக் கொடுத்தீர்கள். நாத்தனார் கையிலிருந்து தன் குழந்தையை வாங்குவது எப்படி என்பதை எந்தப் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

தங்கை பிழைத்தாள். வீடு திரும்பிய அன்று ஆட்டோவில், நைனாவும் அத்தையும் கேட்கட்டும் என்றே, அம்மாவின் முகத்தை என் பக்கம் திருப்பி உரக்க வாக்குக் கொடுத்தேன். நைனாவின் சொல் என் வாயிலிருந்து வருகிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

"இனிமே யாரு கேட்டாலும் நீ பேசாம இரும்மா. நான் பேசறேன்."