இடக்கை ரீல்

மஸ்கி மீன் பைத்தியம் பிடித்தவனோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று ஆர்லிஸ் கூபியாக்கைக் கேட்டால் முதலில் சிரிப்பாள். கோடை முழுக்கத் தூண்டில் வீசினால் மூன்று மீனோ நான்கு மீனோ மாட்டும். மற்றதெல்லாம் படகு வரைக்கும் பின்னாலேயே வந்து, ஆளின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். சரி, மாட்டியதையாவது வறுத்துத் தின்னலாமா என்றால் அதுவும் கிடையாது. நீளத்தை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். இதற்காக ஒரு மனிதன் படகு வாங்கி, பெட்டி பெட்டியாகப் பொய் இரை வாங்கி, விரல் மரத்துப் போகும் குளிரில் நிற்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது? எங்கள் வட விஸ்கான்சினில் பாதி ஆண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆர்லிஸின் புருஷன் நார்பெர்ட் அவர்களுக்கெல்லாம் ஒரு படி மேல்.

அவன் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி அள்ளும் வண்டியை ஓட்டினான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் இடது கையால் கரண்டி பிடித்தாள். எழுதுவதும் அதே கையால்தான், கோபம் வந்தால் விரலை ஆட்டுவதும் அதே கையால்தான். படகில் அவளுக்கு இரண்டு வேலைகள். மீனை வலையில் ஏந்த வேண்டும், பிறகு நாடாவைப் பிடித்து அளவு சொல்ல வேண்டும். எப்போதாவது நார்பெர்ட் தூண்டில் நரம்பைச் சுற்றும் தன் பழைய ரீல் ஒன்றைக் கொடுத்து அவளையும் வீசச் சொல்வான். கைப்பிடி வலது பக்கம் இருக்கும். அவள் திணறித் திணறிச் சுற்றுவதைப் பார்த்து, "என்ன, மாவு பிசையறியா?" என்பான். அவள் மறுபடி வலையை எடுத்துக்கொள்வாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், அக்டோபர் கடைசியில், அவன் வாழ்நாளிலேயே பெரிய மீன் மாட்டியது. தூண்டில் சாமான் விற்கும் டெல்மர் கடைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஐம்பது அங்குலம் பிடித்தவர்களின் பெயரை மட்டும் அதில் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். அன்றைக்கு நாடா நாற்பத்தொன்பதரை காட்டியது. அவன் தண்ணீருக்குள் கைவிட்டு மீனைத் தாங்கிக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டான். ஆர்லிஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அம்பது."

மீன் வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. அவன் பெயர் சுவரில் ஏறியது. ஆர்லிஸ் அந்த அரை அங்குலத்தை யாரிடமும் சொல்லவில்லை. தான் செய்த நல்ல காரியங்களில் அதையும் ஒன்றாக வைத்திருந்தாள்.

போன பிப்ரவரியில் நார்பெர்ட்டுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. இலை உதிரும் வரைக்கும் இருந்தாலே பெரிது என்றார் டாக்டர். தலைக்கும் பரவலாம், பரவினால் இடம் வலம் குழம்பும், கேட்க நினைத்தது ஒன்றும் கேட்டது ஒன்றுமாகிவிடும் என்று இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். காரில் திரும்பும்போது நார்பெர்ட் சொன்னான்: "உடம்பு போறது போகட்டும் ஆர்லிஸ். பைத்தியக்காரனா மட்டும் போகக் கூடாது."

அன்றிலிருந்து அவள் அவனைப் போலீஸ்காரி மாதிரி கவனித்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால்கூட அன்று முழுக்க அவன் பின்னாலேயே நடந்தாள்.

மே மாதம், மஸ்கி பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, நார்பெர்ட் புது ரீல் வாங்கப் போகிறேன் என்றான். முப்பது வருஷம் ஒரே ரீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன் அவன். ஆர்லிஸ் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை அவளையும் ஏற்றிக்கொண்டு டெல்மர் கடைக்கு வண்டியை ஓட்டினான். ரீலைக் காதருகே வைத்துச் சுற்றுவான், உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தத்தைக் கேட்பான், கீழே வைப்பான், மறுபடி எடுப்பான்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்ட" என்றான் டெல்மர்.

"அப்ப அவதானே என்னைப் பாத்தா" என்றான் நார்பெர்ட். கடையில் காபிப் பாத்திரத்தருகே நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆர்லிஸை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஐந்நூற்று நாற்பது டாலருக்கு ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியைக் கொட்டகை அலமாரியில் வைத்துவிட்டு, களைத்துப் போய்ப் படுத்துவிட்டான். அப்படி என்னதான் வாங்கியிருக்கிறான் பார்ப்போம் என்று அவள் பெட்டியைத் திறந்தாள்.

கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

ஐம்பது வருஷமாக வலது கையால் சுற்றியவன் அவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை வலது பக்கம்தான் போகும். மூன்று நாள் பார்த்துப் பார்த்து வாங்கியவன் இதை வாங்கியிருக்கிறான். ஆர்லிஸ் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். தலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். நாளை மறுநாள் பருவம் தொடங்கும்போது, படகுத் துறையில் எல்லோர் முன்னாலும், அவனே பெட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறான். அதை அவளால் தாங்க முடியாது.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். டெல்மர் பல் பிடுங்கிக்கொள்ள டாக்டரிடம் போயிருந்தான். அவன் மருமகள்தான் இருந்தாள்.

"இதுலயே வலது பக்கம் இருந்தா மாத்திக் குடும்மா. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்."

அவள் எதுவும் கேட்காமல் ரசீதை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள். ஆர்லிஸ் பெட்டியை முன்பு இருந்தபடியே அலமாரியில் வைத்தாள். அரை அங்குலத்தைப் போல இதுவும் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாள், பாவம்.

சனிக்கிழமை காலை, படகை ஏரியில் இறக்கியதும் நார்பெர்ட் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தான். பல மாதமாக அவன் முகத்தில் அப்படிச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"திறந்து பாரு."

"எனக்கா?"

"பின்ன, டெல்மருக்கா? நான் போனதுக்கப்புறம் நீ ஏரிக்கு வராம வீட்டுலயே கெடப்ப. என் ரீலை வச்சுக்கிட்டு உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. முப்பத்தாறு வருஷமா உன் கையைப் பாக்கறேன். இப்பத்தான் எனக்கு அறிவு வந்துச்சு."

ஆர்லிஸுக்குப் புரிந்துவிட்டது. பெட்டி மடியில் கிடந்தது. பொறுமையில்லாமல் அவனே எட்டி மூடியைத் திறந்தான்.

ரீலைப் பார்த்தான். கையில் எடுத்துத் திருப்பினான். மறுபடி திருப்பினான். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"இடதுன்னுதானே கேட்டேன்" என்றான் மெல்ல. "டெல்மர்கிட்ட இடதுன்னுதான் சொன்னேன். சொல்லலையா?"

"நார்ப்..."

"அப்போ வந்துடுச்சு போல ஆர்லிஸ். டாக்டர் சொன்னாரே."

"இல்ல நார்ப். நான்தான் மாத்தினேன். உனக்குன்னு வாங்கறப்ப நீ தப்பா வாங்கிட்டன்னு நெனச்சேன். பயந்துட்டேன். கடைக்குப் போயி நான்தான் மாத்திக்கிட்டு வந்தேன்."

அவன் அவள் முழங்காலில் தட்டிக் கொடுத்தான். "சரி, சரி."

"சத்தியமா சொல்றேன்."

"நாப்பத்தொம்பதரையை அம்பதுன்னு சொன்னவதானே நீ?"

"தெரியுமா உனக்கு?"

"என் தூண்டில் கோல்ல அம்பதுக்கு நேரா ஒரு கோடு போட்டிருக்கேன். மீன் அந்தக் கோலுக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு, கோட்டை எட்டல. தெரியாம இருக்குமா? நான் சந்தோஷப்படணும்னு சொன்ன. இதுவும் அதுக்குத்தான். பரவால்ல, விடு."

ஆர்லிஸ் டெல்மருக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்தாள். டெல்மர் அடித்துச் சொன்னான், இடதுதான் கேட்டாய் என்று. நார்பெர்ட் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவனும் உன் கட்சிதான்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான். வாழ்நாளில் அவள் சொன்ன உண்மைகளிலேயே அவன் நம்பியாக வேண்டிய உண்மை இது ஒன்றுதான். இதைத்தான் அவன் நம்பவில்லை.

அன்றைக்கு அவள் வலது கையால் சுற்றினாள். அவன் வலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். மாவு பிசைகிறாயா என்று கேட்கவில்லை. திரும்பும்போது எந்திரத்தை அவளையே ஓட்டச் சொன்னான். கரைக்கு வந்ததும் வண்டிச் சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டான்.

இடது பக்க ரீலை அதற்குள் சிகாகோக்காரர் ஒருவர் வாங்கிப் போயிருந்தார். டெல்மர் இன்னொன்றுக்குச் சொல்லி அனுப்பினான். வீட்டில் நார்பெர்ட் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தான். இது காலை மாத்திரைதானே? இன்றைக்குச் செவ்வாய்தானே? ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவான். பாதிக் கதை சொல்லிவிட்டு, "தப்பா சொல்றேனோ என்னவோ" என்று நிறுத்திவிடுவான். ஆர்லிஸுக்கு நோயைவிட இதுதான் பெரிய வலியாக இருந்தது. இதை அவனுக்குக் கொடுத்தது நோய் இல்லை, அவள்.

ஜூன் பதினாறாம் தேதி மூச்சுத் திணறிப் போய்விட்டான். இலையெல்லாம் அப்போது பச்சையாகவே இருந்தது. கடைசி வாரம் தலையை ஸ்கேன் எடுத்ததன் முடிவு அடக்கத்துக்குப் பிறகு தபாலில் வந்தது. மூளையில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் டெல்மர் தானே வீட்டுக்கு வந்தான். கையில் பெட்டி இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"வேணாம்னா திருப்பி அனுப்பிடறேன் ஆர்லிஸ். அந்த வலது பக்கத்தையும் எடுத்துக்கறேன். காசைப் பத்தி யோசிக்காத."

அவள் பெட்டியை வாங்கிப் பிரித்தாள். கைப்பிடியில் இடது கையை வைத்துச் சுற்றினாள். பாத்திரத்தில் கரண்டியைச் சுழற்றுவதுபோல அலுங்காமல் சுழன்றது. நார்பெர்ட் மூன்று நாள் காதில் வைத்து வைத்துக் கேட்ட சத்தம் இதுதான். அவள் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவனுக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு டெல்மர்" என்றாள். "நீயாவது நம்பு."