ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

ஓசூர் ஃப்ளாட் பால்கனியில், மருமகள் வாங்கி வைத்த ஒட்டுக் கமலா ஆரஞ்சுச் செடியின் அடியில் இருந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சை வாசம் அடித்தது. கமலா இலைக்கு இந்த வாசம் வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சிறுமியாக இருந்தபோது, இதே மாதிரி ஒரு செடியை வாங்க அப்பாவோடு நானும் பெங்களூர் போயிருந்தேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே வருவது அடிச்செடியான முள்ளெலுமிச்சை, உடனே கிள்ளிவிட வேண்டும் என்று விற்றவர் கன்னடத்தில் சொன்னார். அப்பாவுக்குக் கன்னடம் புரியாது, எனக்குப் புரியும்.

அடுத்த மாதம் நான் பெரியவளானேன். தீட்டுக்காரி தொட்டால் செடி கருகும் என்று அம்மா, செடியை நட்டிருந்த கொல்லையின் கதவைப் பூட்டினாள். தீட்டுக் கழிந்த பிறகும் திறக்கவில்லை. சன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் ஒட்டுக்குக் கீழே முள்ளோடு ஒரு துளிர்.

"அப்பா, அதைக் கிள்ளிடுங்க."

"பச்சையா வர்றதப் போயி யாராச்சும் கிள்ளுவாங்களா? உள்ள போம்மா."

செடி எட்டடி தூரத்தில்தான் இருந்தது. தினமும் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். முள்ளெலுமிச்சை வளர வளர, கமலாக் கிளை காய்ந்துபோனது.

"இவ கண்ணு பட்டுத்தான்" என்று அம்மா சன்னலையும் சாத்தினாள்.

இப்போது குனிந்து, ஒட்டுக்குக் கீழே வந்திருந்த துளிரைக் கிள்ளி எறிந்தேன்.

"ஐயோ அத்தை, நல்லா வந்த துளிராச்சே!" என்று மருமகள் ஓடி வந்தாள். பால்கனிக் கதவில் கை வைத்தாள்.

"கதவ மட்டும் சாத்தாதம்மா" என்றேன்.