மூலத்துக்கு முந்தி

வளைகாப்பு முடிந்ததும் தென்காசியில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து என்னை இலஞ்சிக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் பெற வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் ஆசை. அதற்குப் பெரிய காரணம் கிடையாது. ஆண்டவன் பெண்ணுக்கு ஒரு உடம்பைக் கொடுத்து, அதிலேயே பிள்ளைக்கு ஒரு வழியையும் வைத்திருக்கிறான். அந்த வழியாகவே வரட்டுமே என்று நினைத்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா என் ஆசையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் கத்தி வைத்துத்தான் ஆக வேண்டும், அதில் பிடிவாதம் கூடாது, மற்றபடி உடம்பைப் பழக்கு என்றார். பழக்கினேன். குத்தவைத்துத் தரை துடைத்தேன். சோபாவை விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாரலில் தெருவெல்லாம் வழுக்கியதால் குமாரர் கோயில் பிரகாரத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் “முருகா” என்று சொல்லி மூச்சை விட்டேன். சாமி பேரும் ஆச்சு, மூச்சும் ஆச்சு என்றார் நர்ஸ் அக்கா.

பக்கத்து வீட்டு ராத்தா, அவர் மாப்பிள்ளை சவூதியிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் பாதியை, பிரசவத்துக்கு நல்லது என்று எனக்குத் தந்தார். அம்மா சாயங்காலம் தோறும் இடுப்பில் விளக்கெண்ணெய் தடவி, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றுவாள். “இடுப்பை இறுக்காத ஏட்டி, இளக்கி விடு” என்பாள். எப்போது பார்த்தாலும் அந்த ஒரே பேச்சுதான்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாமியார் வீட்டார் பேர் பதிந்திருந்தார்கள். ஒன்பதாம் மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, தலை நன்றாக இறங்கியிருக்கிறது, தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, வலி தானாக வரட்டும் என்றார். எனக்குப் பரீட்சையில் பாஸானது மாதிரி இருந்தது.

மறுநாளே அத்தை, என் மாமியார், இலஞ்சிக்கு வந்தார். ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். டாக்டர் சொன்ன தேதியை ஒட்டி மூல நட்சத்திரம் வருகிறதாம். பொம்பளப் பிள்ளையாகப் பிறந்துவிட்டால் பிறகு எவன் கட்டுவான் என்று கேட்டார். அதனால் அதற்கு முந்தி அனுஷத்தில் நல்ல நேரம் குறித்து, ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டாராம். ஆபரேஷன் செய்து எடுப்பதற்குத்தான்.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “மதினி, தலை இறங்கியாச்சுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக. கொஞ்சம் பொறுப்போம். முருகன் பார்த்துக்கிடுவான்.”

“முருகன்தான் மதினி அந்த ஜோசியரு வாயில வந்து சொல்லுதான்” என்றார் அத்தை.

நான் நாள் தவறாமல் கும்பிட்ட சாமியை எனக்கு எதிராகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கோயிலில் எத்தனையோ தரம் அவர் பக்கத்தில் நின்று நானும் கைகூப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவருடைய முருகன் வேறு, என் முருகன் வேறு என்று ஆகிப்போனது.

என் வீட்டுக்காரரிடம் அழுதேன். எங்கம்மா இவ்வளவு சொல்லும்போது என்ன செய்ய, உனக்கும் வலியில்லாமல் முடிந்துவிடும்லா என்றார். ஏதோ எனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தருகிற மாதிரி சொன்னார். கத்திக்கு இப்போது அவசியம் இல்லையே என்று டாக்டர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். வீட்டார் உறுதியாக நின்றதும் சரி என்றுவிட்டார். அப்போதும் அவர் என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்தார்.

அனுஷத்தன்று காலையில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அத்தனை நாள் எண்ணெய் தடவி இளக்கிய இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. “முருகா” என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பையன் பிறந்தான். வெளியே வந்த நர்ஸிடம் அத்தை முதலில் கேட்டது நேரத்தைத்தானாம். என்ன பிள்ளை என்று பிறகுதான் கேட்டிருக்கிறார். ஆண் பிள்ளைக்கு மூலத்தில் தோஷமே இல்லையே, வீணாகப் பயந்தோமே என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தையல் பிரிக்கும் முன்பே வீரகேரளம்புதூரிலிருந்து அத்தையின் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அதில் வயதான ஒரு அம்மாள், சுகப்பிரசவம்தானே என்று கேட்டார்.

“எங்க? இவளால வலி தாங்க முடியல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க இருக்கு அந்தத் தெம்பு” என்றார் அத்தை.

அம்மா என் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் என் கையை அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். மகள் வாழப் போகிற வீடு என்று அவளுக்குப் பயம்.

“எனக்கு வலி வரவே நீங்க விடலியே அத்தை” என்றேன்.

அத்தை கோபப்படவில்லை. பேரனை மடியில் சரித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “வயித்தைத் தச்ச டாக்டரு வாயையும் சேர்த்துத் தச்சிருக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற என் வீட்டுக்காரரும் சிரித்தார். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, அடுத்த பிரசவமும் அநேகமாக ஆபரேஷனாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்படியென்றால் அதற்கும் நேரம் பார்த்துவிடலாம் என்று காரில் ஏறும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவரும் சரி என்றார்.