இயந்திர விரல்

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் அந்த அக்கா. ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார். தேநீர்க் குவளையைக் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒருநாள், தொட்ட பொருள் இரும்பா, மரமா, ரப்பரா என்று சொல்லும் இயந்திர விரல் ஒன்றை எங்கள் பிரிவில் சோதித்தார்கள். அதன் சூடான நுனியிலிருந்து பொருள் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழுக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்குமாம்.

மேற்பார்வையாளர் விளையாட்டாக அக்காவின் கண்ணைக் கட்டினார். "மெஷினா நீங்களா, பாப்போம்லா."

மேசையில் பொருத்தியிருந்த இரும்புத் தகட்டை அக்கா வெகுநேரம் தடவினார்.

"மரம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. ரப்பர் தோட்டத்துல ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டுலயே கெடந்த கை இது. விரல்ல உணர்ச்சி இல்ல."

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதுவரை அவர் வேலையில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

வாசல்வரை கூடவே போனேன்.

"அந்த மெஷினுக்கு விரலு கெட்டா, விரல மாத்துவாங்க தங்கச்சி. எனக்கு ஆளையே மாத்திட்டாங்க லா."

மறுநாள் அவர் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். அன்று அக்கா எல்லோரோடும் சேர்ந்து சிரித்து மழுப்பியிருக்கலாம். ஏன் உண்மையைச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.