காதுகுத்துப் படங்கள் இருந்த பாதி

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு நாமக்கல் பேருந்து எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றது. ஜன்னல் வழியே முதலில் தெரிந்தது ஓர் அட்டைப் பெட்டி. அதைக் கட்டிப் பிடித்திருந்த கைகள் பிறகுதான் தெரிந்தன. மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை என்று மாமா சொன்னார். நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் கேட்டாராம்.

பெட்டிக்குள் இருந்தது எங்கள் கம்ப்யூட்டருக்கான புது மதர்போர்டு. பழையதைக் கொன்றது ஆயுத பூசை. அன்று அப்பா கொடுவாள், கடப்பாரை, மிளகு பறிக்கும் ஏணி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். வரிசையின் கடைசியில் கம்ப்யூட்டரும் இருந்தது. அதைக் கழுவக் கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். கழுவாத பொருளுக்குப் பூசை செய்ய அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மாவிலையால் அதன் மேல் தெளித்தார். மேல்பக்கம் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. மறுநாள் அது எழுந்திருக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அக்கம்பக்கத்து ஊர்களில் விசேஷம் என்றால் படம் எடுப்பதும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்திக் கொடுப்பதும் அவர் வேலை. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் மலையிலேயே வாசலூர்பட்டியில் பிறந்து, நாமக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தார். குலதெய்வக் கோயில் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போன என் காதுகுத்து அந்த வருட வைகாசியில்தான், என் எட்டாவது வயதில், நடந்தது. முறைப்படி மாமா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அந்தப் படங்களில் ஒன்றுகூட அச்சாகவில்லை. கேமரா கார்டில் இருந்ததை அத்தை எப்போதோ அழித்துவிட்டார். படங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தன. அது போய்விடுமோ என்று நான் அழுதேன். அத்தை என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மாமா பழைய போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. புதியதைப் பொருத்தி சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி சுற்றியது, திரை ஒளிர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். உடனே திரை நீலமாகி, அணைந்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது.

"போர்டு மாறிப்போச்சுங்க மச்சான். கம்ப்யூட்டர ஓட்டற பழைய ஓஎஸ் இதோட ஒத்துப்போவல. புதுசா ஏத்தோணும்" என்றார் மாமா.

"அப்ப உள்ள இருக்கறதெல்லாம்?" என்று அத்தை கேட்டார்.

"டிஸ்க்க ரெண்டு பாதியாப் பிரிச்சிருக்குதுங்க. ஒண்ணுல ஓஎஸ்ஸு, ஒண்ணுல உங்க படம். ஓஎஸ் இருக்கற பாதிய மட்டும் அழிச்சாப் போதும்."

பென்டிரைவைச் செருகினார். திரையில் இரண்டு பாதிகளும் வந்தன. இரண்டும் ஒரே அளவு. பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. மாமா மௌசைத் தொட்டபோது அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றரை.

"பன்னண்டு ஆவட்டும் மாப்ள. ராகுகாலத்துல அழிக்கற வேல வேண்டாம்."

எனவே எல்லோரும் வேகவைத்த குச்சிக்கிழங்கை மிளகுச் சட்னியோடு சாப்பிட்டோம். மாமாவின் தட்டில் கிழங்கு குறையாமல் அம்மா பார்த்துக்கொண்டார். மஞ்சள் தண்ணீர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மாமா மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு பாதில இருபது ஜிபி நெறஞ்சிருக்குது, ஒரு பாதில முப்பது. ஏனுங்க, உங்க படம் எவ்வளவு இருக்கும்?"

அத்தை காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"மத்த விசேஷமெல்லாம் குடுத்து அழிச்சுட்டீங்கல்ல? இந்தக் காதுகுத்து ஒண்ணுதான இருக்குது?"

"ஒண்ணுதானுங்க."

"அப்ப இருபதுதான் படம். முப்பதெல்லாம் கல்யாணத்துக்கே வராது." அம்புக்குறி முப்பது இருந்த வரிக்குப் போனது. அழிக்கும் பொத்தானை நோக்கி இறங்கியது.

"முப்பதுங்க" என்றார் அத்தை.

"என்னதுங்க?"

"முப்பதுதானுங்க படம். அதத் தொட்றாதீங்க."

"ஒரு காதுகுத்துக்கா?"

"ஆமாங்க."

மாமா மௌசிலிருந்து கையை எடுத்தார். அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "கண்ணு, நீ போயி வெளிய வெளையாடு" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

மாமா இருபதை அழித்தார். புது ஓஎஸ் மெதுவாக ஏறியது. ஒவ்வொரு முறை திரை இருண்டபோதும் அப்பா சாமி படத்தைப் பார்த்தார். முடிந்ததும், படங்களைத் தானே பிறகு தனியாகத் திறந்து பார்ப்பதாக அத்தை சொன்னார். அதற்குள் நான் திறந்துவிட்டேன்.

படங்கள் அப்படியே இருந்தன. நான்தான் சரியாக இல்லை. ஒன்றில் என் நெற்றி இருந்தது, ஒன்றில் அழும் வாய், பலவற்றில் கால் மட்டும். நடுவில், தெளிவாக, மாமா இருந்தார். மாமா தலை வாரினார். மாமா காப்பி குடித்தார். மாமா ஓர் ஆட்டை விரட்டினார். நான் இல்லாத இடத்திலும் மாமா இருந்தார்.

"அத்தைக்குப் படமே எடுக்கத் தெரியலம்மா" என்று கத்தினேன்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் நின்றார். அம்மா, "ஏன்டா தம்பி, அந்த ஆட்ட எதுக்குடா வெரட்டுன?" என்று மாமாவைக் கேட்டார். அத்தை உள்ளே போய்விட்டார். மாமா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நல்லாத்தான எடுத்திருக்காங்க சாமி" என்று என்னிடம் சொன்னார். மூன்று மணிப் பேருந்தை அவர் விட்டுவிட்டார்.

தை மாதம் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. படம் எடுக்க நாமக்கல்லில் இருந்து வேறு ஆள் வந்திருந்தார். அந்தப் படங்களில் நான் முழுதாக இருக்கிறேன்.