கிட்டப் போனதுக்கும் ஒரு புள்ளி

ஆஸ்திரேலியாவில் ஆடுகிற ஒரு பந்தாட்டத்தைப் பற்றி எனக்குப் பத்துப் பதினைந்து விசயங்கள் தெரியும். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஜெர்மனியில் கன வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள், என் மனுசன் செத்த பிறகு ஹவுன்ஸ்லோவில் தனிய இருக்கிறவள். விமானத்தில் குடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளில் கரண்டி, முள்ளு, உப்புப் பொட்டலம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து அடுக்குவது என் வேலை. பொருத்தமான வேலைதான். நான் எதையும் மூன்று தரம் பார்க்கிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரைக்கும் போனபிறகு திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. இழுத்துப் பார்த்தது நினைவில்லாமல் இன்னொரு தரம் வந்த நாளும் உண்டு.

எனக்கு ஒரே ஒரு மகள். கலியாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போனாள். போன நாள் தொடக்கம் எனக்கு அந்த நாட்டின் ஆபத்துகள் எல்லாம் பாடம். காட்டுத்தீ, சிலந்தி, தோலை எரிக்கிற வெயில், கடலில் சுறா. சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் எடுப்பேன். கோடை காலத்தில் எனக்கு ஒன்பது என்றால் அவளுக்குப் பின்னேரம் ஆறு. "கதவு பூட்டினியோ? சப்பாத்தைத் தட்டிப் பாத்துப் போடு, உள்ளுக்கை சிலந்தி இருக்கும். எங்கையோ நெருப்பாமே, உங்களுக்குக் கிட்டவோ?" அவள் ஓம், ஓம், இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதைச் செய்வாள். "இந்தா, இவரோடை ஒருக்கா கதையுங்கோ" என்று போனை மருமகனின் கையில் குடுத்துவிடுவாள்.

மாமியும் மருமகனும் என்னத்தைக் கதைக்கிறது?

"சாப்பிட்டீங்களோ மாமி?"

"ஓம் தம்பி. நீங்கள்?"

"ஓம் மாமி."

பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த அரை நிமிசத்தை நினைத்து நான் வெள்ளிக்கிழமையே பதகளிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவருக்குப் பின்னால் பெரிய கூச்சல் கேட்டது.

"என்ன தம்பி சத்தம்? வெளியிலை கலவரமோ?"

"சீச்சீ, டிவி மாமி. ஃபூட்டி நடக்குது."

"உங்கட ஆக்கள் வெல்லுகினமோ?"

"எங்கட ஆக்களோ? கடைசியாய் வந்த தடவைகளை எண்ணினால் எங்கட கழகத்துக்குத்தான் முதலிடம் மாமி."

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படி ஆடுகிறது என்று கேட்டேன். முட்டை மாதிரிப் பந்து, நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் எம்பும் என்று அதுக்கே தெரியாது என்றார். மைதானத்தின் இரண்டு முனையிலும் நடுவில் இரண்டு பெரிய கம்பம், அதுக்கு இரண்டு பக்கத்திலும் சின்னக் கம்பம் ஒவ்வொன்று. பெரிய கம்பத்துக்கு நடுவால் உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்தால் போனால் ஒன்று.

"பிழைச்சுப் போனதுக்கும் குடுப்பினமோ?"

"கிட்டப் போனதுக்கு, மாமி."

"எங்கட கணக்கு ரீச்சருக்கு இது தெரிஞ்சிருந்தால் நான் ஒன்பதாம் வகுப்பும் படிச்சிருப்பன்."

அவர் சிரித்தார். மூன்று வருசத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.

அடுத்த கிழமை அவரே ஒரு விசயத்தோடு வந்தார். அவருடைய கழகம் நூறு வருசத்துக்கு முந்தி ஒரு முழு ஆட்டத்திலும் ஒரேயொரு புள்ளி எடுத்ததாம். ஆறு அல்ல, ஒன்று. அதைவிடக் குறைய இன்றுவரை ஒருவரும் எடுத்ததில்லையாம். அதே கழகம் தன் சரித்திரத்தில் ஒரேயொரு தரம்தான் கப் எடுத்தது. அதுவும் ஒரே ஒரு புள்ளியால். நான் தமிழ்க்கடை நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அடுத்த கிழமை இன்னொன்று. ஒருத்தர் ஒரே ஆட்டத்தில் பதினெட்டுக் கோல் அடித்தாராம். அதோடு அந்தப் பெரிய போட்டியை விட்டே போய்விட்டாராம்.

"ஏன் விட்டவர்? ஆரும் ஏதும் பேசிப்போட்டினமோ?"

"இல்லை மாமி, நாட்டுப்புறத்திலை ஒரு கழகம் கூப்பிட்டதாம்."

"அங்கை போய்ச் சந்தோசமாய் இருந்தவரோ?"

"அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. தேடிப் பாக்கிறன்."

தேடியும் பார்த்தார். பிறகு நாங்கள் மூன்று பேருக்குமென்று வாட்ஸ்அப்பில் ஒரு குறூப் தொடங்கினார். அதில் அவரும் நானும்தான் எழுதுவோம். மகள் எப்போதாவது கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாள்.

எனக்குப் பிடித்தது சமனாக முடிந்த இறுதி ஆட்டங்களின் கதை. மூன்று தரம் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஒருத்தருக்கும் கப் குடுக்காமல், அடுத்த கிழமை திரும்ப வந்து முதலில் இருந்து ஆடச் சொல்வார்களாம். கடைசித் தரம் அப்படி நடந்ததில் இவருடைய கழகமும் ஒன்று. முடிகிற நேரத்தில் பந்து கோணலாக எம்பி, ஆறு போகவேண்டிய இடத்தில் ஒன்றாகப் போய், ஆட்டம் சமனாம். அடுத்த கிழமை தோற்றுவிட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க அந்தப் பெடியளுக்கு நித்திரை வந்திருக்குமோ என்று கேட்டேன். "உங்களைத் தவிர ஒருத்தரும் இதைக் கேட்டிருக்க மாட்டினம் மாமி" என்றார். இப்போது அந்த வழக்கம் இல்லை, மேலதிக நேரம் குடுத்து அன்றைக்கே முடிவு எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

வேலையில் என்னோடு நிற்கிற மன்னார்க்காரிக்கு இதெல்லாம் பகிடி. "மற்றவையின்ட மருமகன்மார் சீலை வாங்கி அனுப்புகினம். உங்கட ஆள் ஸ்கோர் அனுப்புறார்" என்பாள். நானும் சிரிப்பேன். சீலை என்றால் அலுமாரியில் கிடக்கும். இது தட்டு அடுக்குகிற நேரம் முழுக்க என்னோடு நிற்கும்.

அங்கே வெயில் தொடங்குகிற மாதத்தில், ஆட்டக்காலம் முடிந்த பிறகு, மகள் எடுத்தாள். சனிக்கிழமை இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை.

"அம்மா, நாங்கள் பிரிஞ்சிட்டம்."

"அடிச்சவரோ?"

"இல்லை அம்மா."

"குடியோ?"

"இல்லை."

"பின்னை என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. ஒண்டுமே இல்லை எண்டபடியால்தான்."

எனக்கு அது விளங்கவில்லை. இத்தனை ஆபத்துகளை நினைத்து வைத்திருந்தேன், ஒன்றுமில்லை என்பதை நினைக்கவில்லை. அந்தக் கிழமையே எங்கள் மூன்று பேரின் குறூப்பும் இல்லாமல் போனது. மகள் அழித்துவிட்டாள்.

ஆர்ச்வே கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நான் வழமையாகச் சொல்கிற மாதிரி மகளுடையதைச் சொல்லி, அதே மூச்சில் மருமகனுடையதையும் சொல்லிவிட்டேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். நிற்பாட்டச் சொல்ல வாய் வரவில்லை. மகள் அறிந்தால் என்ன நினைப்பாள் என்று ஹவுன்ஸ்லோ வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் மாதம் ஆட்டம் திரும்பத் தொடங்கியது. அவருடைய இலக்கம் போனில் அப்படியே இருந்தது. எடுக்கலாமோ, கூடாதோ? மன்னார்க்காரியிடம் கேட்டேன்.

"மகள் அறிஞ்சால் மகளும் இல்லை, அவரும் இல்லை. பேசாமல் இருங்கோ அக்கா."

பேசாமல்தான் இருந்தேன். சனிக்கிழமைகளில் மகள் கார் ஓட்டிக்கொண்டே நாலு நிமிசம் கதைப்பாள். "போனைப் பாத்து ஓடாதை" என்பேன். "பாக்கேல்லை அம்மா" என்பாள். அதோடு முடிந்துவிடும். பிறகு இந்த வீட்டில் நாள் முழுக்க என் குரல் ஒருத்தருக்கும் தேவைப்படாது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்க் காலை வணக்கம் சொல்லும்போது தொண்டை அடைத்து இருமி இருக்கிறேன்.

அப்படியான ஒரு சனிக்கிழமைதான் அந்த விசயத்தைப் போனில் வாசித்தேன். என் இங்கிலிஷுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. முதலாவது உலக யுத்தம் நடந்த ஒரு வருசம், ஆட்கள் எல்லாம் சண்டைக்குப் போனதால் நாலே நாலு கழகம்தான் விளையாடினது. அதில் கடைசியாக வந்த கழகம், மிச்சம் ஒருத்தரும் இல்லாதபடியால் இறுதிச் சுற்றுக்கும் போய், கப்பையும் எடுத்துவிட்டது. ஒரே வருசத்தில் கடைசியும் அவர்கள்தான், முதலும் அவர்கள்தான். யுத்தம் என்றால் இப்படியான விசர்க்கூத்தெல்லாம் நடக்கும்தான். இது அவருக்குத் தெரிந்திருக்காது என்று பட்டது. அவர் சொல்லாத ஒன்றை நானாகக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தரம். ஒரு தரமும் யோசிக்காமல் மைக்கை அமத்திப் பேசினேன்.

"தம்பி, மாமி கதைக்கிறன். உங்களுக்கு இது தெரியுமோ எண்டு தெரியேல்லை..."

முழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். முந்தி மேலே நிற்கிற குறூப்புக்குத்தான் அனுப்புவேன். அந்தப் பழக்கத்தில் கை போய்விட்டது. இப்போது மேலே நின்றது ரொறன்ரோ, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று இருபத்தெட்டுப் பேர் இருக்கிற குடும்பக் குறூப். நான் கவனிக்கும்போது பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி உடனே எழுதினான்: "அக்கா, ஆர் கப் எடுத்தது? உனக்கு சுகமில்லையோ?" பாரிசில் இருக்கிற மச்சாள் கை கூப்பி "நல்ல தகவல்" என்று போட்டாள். அழிக்க வழி தேடி, பதற்றத்தில் அதையே இன்னொரு தரம் அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிசத்தில், அதே குறூப்பில் இருக்கிற மகள் எடுத்தாள். காரில் இல்லை. அவளுடைய பக்கம் அமைதியாக இருந்தது.

"அம்மா, மாமி கதைக்கிறன் எண்டு அனுப்பியிருக்கிறீங்கள். அவருக்குத்தானே?"

பொய் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். வரவில்லை. "ஓம் பிள்ளை. இப்பதான். இவ்வளவு நாளும் ஒண்டும் அனுப்பேல்லை. கோவிக்காதை."



"அவருக்கு எண்டால் அவருக்கே அனுப்புங்கோ. நான் மறிக்கேல்லை. எனக்குக் கோவம் அது இல்லை அம்மா."

"பின்னை?"

"அவரிட்டை எண்டால் பகிடி விடுவீங்கள், கதை கேப்பீங்கள். நான் அடுத்த அறையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருப்பன். என்னட்டை எண்டால் பூட்டினியோ, அடைச்சியோ, நெருப்போ. ஆறு வருசமாய் அதுதான். எங்கட வீட்டிலை நீங்கள் சிரிக்கிற சத்தம் எல்லாம் அவருக்கு வந்ததுதான்."

அவள் சொன்னது பிழை என்று காட்ட ஒரு சனிக்கிழமையையாவது தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நாலு நாள் கழித்து அவருக்கு அனுப்பினேன். மகளுக்குத் தெரியும் என்பதையும் சொல்லித்தான். அவர் அடுத்த நாள் எழுதினார்.

"மாமி, இது எனக்குத் தெரியாது. நல்ல கதை. குறை நினைக்காதையுங்கோ, நான் இந்த வருசம் ஒரு ஆட்டமும் பாக்கேல்லை. பாத்தால் வீட்டு ஞாபகம் வருது. உங்கட குரலுக்கும் அப்பிடித்தான் வருது. கொஞ்சக் காலம் போகட்டும். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ."

மூன்று தரம் வாசித்தேன். அதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. "சரி தம்பி" என்று எழுதினேன். அவருடைய நாளைக் கெடுத்துவிட்டேனோ என்ற யோசனை அதுக்குப் பிறகு இரண்டு கிழமை என்னை விடவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு ஆப் இருக்கிறது. மன்னார்க்காரியின் மகள் போட்டுத் தந்தாள். படம் அரை நிமிசம் பிந்தித்தான் வரும் என்றாள். அவர் பார்ப்பதை விட்ட கழகத்தை நான் பார்க்கத் தொடங்கினேன். யாருக்குச் சொல்லப் போகிறேன் என்று இல்லை. அங்கே பின்னேர ஆட்டம் தொடங்கும்போது எனக்குச் சனிக்கிழமை காலை பத்தரை மணி. தேத்தண்ணியோடு குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இருப்பேன். ஒவ்வொரு பெடியன் விழும்போதும் "ஐயோ" என்பேன். அது கேட்க ஒருத்தரும் இல்லை.

போன சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மகள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் பூட்டினியோ என்றுதான் வாய் தொடங்கும் என்று பயம். பதினொன்று தாண்டி, ஆட்டத்தின் நடுவில், மற்றப் போன் அடித்தது. வீட்டுப் போன். அந்த இலக்கத்துக்கு எடுக்கிறது அவள் மட்டும்தான்.

"என்ன செய்யிறீங்கள் அம்மா?"

"பந்து பாக்கிறன்."

"இப்ப நடக்கிறதோ?" அவள் எழும்பி நடப்பது கேட்டது. ஒரு கதவு உருண்டு திறந்தது. "என்ட புது பிளாட் அந்த மைதானத்துக்குப் பக்கத்திலை. இவ்வளவு நேரமும் இரைச்சலாய் இருக்குது எண்டு கதவைச் சாத்தி வைச்சிருந்தன். கேக்குதோ?"

பல்கனியில் நிற்கிறாள். குளிருக்கு ஏதாவது போட்டிருக்கிறாளோ, எத்தனையாம் மாடியோ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"கேக்குது பிள்ளை."

"ஆர் வெல்லுகினம்?"

"நாலு புள்ளி பின்னாலை நிக்கினம். பந்து எங்கட ஆளின்ட கையிலை. இப்ப உதைக்கப் போறான்."

சொல்லி முடிக்கவில்லை, அவளுடைய பக்கத்தில் இருந்து ஒரு பெரிய சத்தம் எழும்பி வந்தது, ஆயிரக்கணக்கான சனம் ஒரே வாயால் கத்துகிற சத்தம். என் திரையில் அந்தப் பெடியன் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"அம்மா, என்ன நடந்தது? ஆறோ, ஒண்டோ?"

"பொறு பிள்ளை," என்றேன். "எனக்கு இன்னும் வரேல்லை. லைனிலை நில்."